மழைத் தண்ணீருக்குக் கத்தாத பெட்டி

கோட்டைப்பட்டினத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். அறந்தாங்கி பஸ் பின்னாலிருந்து வந்து என்னைத் தாண்டிப் போனது. கை காட்டவில்லை. பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், யாராவது ‘என்ன தம்பி, கிளம்பிட்டீங்க’ என்று கேட்பார்கள், அதற்கு நான் முகத்தை நிமிர்த்திப் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. செருப்பு வார் அறுந்துவிட்டதால் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். பையில் ஒரு சட்டை, ஒரு கைலி, சால்டரிங் அயர்ன், ஈயச் சுருள், பீடிக்கட்டுக் காகிதத்தில் மடித்த நாலைந்து ஐ.சி., அப்புறம் அந்தப் பெட்டி.

ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் இருந்தேன், மறு வருடம் போகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, திருச்சியில் ஓட்டலில் தட்டுக் கழுவும் வேலை, ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு காலையில் எழுந்து கிளம்பியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் படுப்பதும் மத்தியானம் டீயோடு நிறுத்திக்கொள்வதும் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. அப்படிப் போனபோதெல்லாம் யாரிடமும் எதையும் பறித்துக்கொண்டு போனதில்லை. இந்தத் தடவை ஒரு மனிதரின் நல்ல பெயரையும், அவர் பதினோரு வருடம் நின்ற இடத்தையும் பறித்துவிட்டு நடந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆலங்குடிக் கடையில் இருந்தபோது எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி. எனக்குப் பழக்கமானது. அதிலும் ஒரு கெப்பாசிட்டரிலும் இரண்டு ரெசிஸ்டரிலும் ஓர் ஆசிலேட்டர் செய்துவிடலாம். ஆசிலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை. கெப்பாசிட்டர் ஒரு குடம் மாதிரி நிறையும், நிறைந்ததும் ஐ.சி. அதைக் கவிழ்த்துவிடும், மறுபடி நிறையும். ஒவ்வொரு தடவைக்கும் ஸ்பீக்கரில் ஒரு தட்டு. மெதுவாகத் தட்டினால் தவளை, வேகமாகத் தட்டினால் விசில். நிறைக்கும் வழியில் இருக்கும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்திலிருந்து இரண்டு கம்பிகளை வெளியே நீட்டினால், கம்பிகளுக்கு நடுவே எது வருகிறதோ அதுதான் ரெசிஸ்டர். ஈர மண்ணில் குத்தினால் ஒரு சத்தம், காய்ந்த மண்ணில் வேறு சத்தம். கடைக்கு வந்தவர்களை ஆளுக்கொரு கம்பியைப் பிடிக்கச் சொல்லிக் கை குலுக்க வைப்பேன். வியர்த்த கை என்றால் சத்தம் ஏறும். கல்யாணம் பேசி முடித்த ஒரு பையனும் அவன் மாமனாரும் ஒருமுறை பிடித்தார்கள். பெட்டி வீலென்று கத்தியது. யாருக்கு வியர்த்தது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

படித்துச் செய்ததில்லை. போனில் பார்த்த படங்கள், பழைய ரேடியோப் பெட்டிகளின் உள்பக்கம், இவைதான் பாடம். படம் புரியும், அதன் கீழே உள்ள கணக்குப் புரியாது. அதனால் எதையும் காதால் சரிபார்ப்பேன். ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் போட்டால் சத்தம் எவ்வளவு ஏறும் என்று என் காதுக்குத் தெரியும். இதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாது என்று பின்னால் நான் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இந்தக் காதுதான்.

இப்படிச் சில பொருள்களைச் செய்து கொடுத்தேன். தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு மண் ஈரம் பார்க்க ஒன்று. அவர் அதைக் கடலைக் கொல்லையில் நட்டுவிட்டார், பாய்ச்சின தண்ணீருக்கு அது ஓயாமல் கத்த, காக்கா வருவதில்லை என்று சந்தோஷப்பட்டார். மாடித் தொட்டி நிரம்பினால் கத்துவது நிறையச் செய்தேன். அறந்தாங்கியில் ஒரு வீட்டுத் தொட்டியில் அப்படி ஒன்று இருந்தது. அங்கே வந்திருந்த வீட்டுக்காரரின் தம்பி அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். அவர் கோட்டைப்பட்டினத்தில் ஒரு நாட்டுப்படகின் சொந்தக்காரர். நான் பாய் என்று கூப்பிடுவேன். படகுக்குள் தண்ணீர் ஏறினால் கத்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

அங்கே கடல் ஆழமில்லை. படகுகளைக் கரையில் இழுத்துப் போடுவதில்லை. ஒரு கூப்பிடு தூரத்தில், இடுப்புக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். மழைக்காலத்தில் திறந்த படகுக்குள் மழைத் தண்ணீர் சேரும். அள்ளி வெளியே ஊற்றாவிட்டால் படகு உட்கார்ந்துவிடும், எஞ்சின் உப்புத் தண்ணீரில் மூழ்கும். அதனால் அந்தப் படகின் ஆட்கள் நாலு பேரும் முறை வைத்திருந்தார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றைச் சாய்வாக வெட்டி வைத்திருந்தார்கள், அதுதான் தண்ணீர் அள்ளுவது. இன்று ஒருவர் முறை என்றால் கேன் அவர் வீட்டு வாசலில் இருக்கும். முறை முடிந்ததும் அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். எழுத்தும் கிடையாது, பேச்சும் கிடையாது. கேன் எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆள் ராத்திரி இரண்டு தடவை எழுந்து கடலில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த நாலு பேரில் ஒருவர் பதினோரு வருடமாகப் படகின் முன்முனையில் நிற்பவர். முன்முனையை அணியம் என்பார்கள். அவரை அணியத்துக்காரர் என்றே எழுதுகிறேன். ஐம்பது வயது இருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரர். முன்பு நன்றாகக் குடித்தவராம். நான் போனபோது விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாயின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எனக்குச் சோறு போடும்போது இதைச் சொன்னார், ஒரு நோயிலிருந்து பிழைத்து வந்தவரைப் பற்றிச் சொல்வதைப் போல.

பெட்டியை ஒரே நாளில் மாட்டிவிட்டேன். படகின் அடிப்பள்ளத்தில் இரண்டு கம்பிகள், படகு பாட்டரியிலிருந்து கரண்டு, படகின் கம்பத்தில் பெட்டி, அதன் உச்சியில் கரையைப் பார்த்து ஒரு பழைய ஹாரன் ஸ்பீக்கர். மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

“கடத்தண்ணிக்குக் கத்துது சரி. மழைத் தண்ணிக்கும் கத்துமா தம்பி?”

“தண்ணின்னா எல்லாம் தண்ணிதான்க்கா” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மழை பெய்தால் ஓட்டு விளிம்பில் குடம் வைத்துப் பிடிக்கிற பெண்களுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றில்லை என்று நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். உப்பு இருந்தால் கரண்டு சுலபமாகக் கடக்கும், இல்லாவிட்டால் தடுமாறும். ஆனாலும் அந்தச் சமயத்தில் மழைத் தண்ணீருக்கும் கத்தத்தான் செய்தது. நானே பார்த்திருந்தேன். ஆகவே முதலில் சொன்னது பொய்யில்லை.

பிறகுதான் பொய்யானது. நாலாம் நாள் விடியலில், படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது, பெட்டி கத்தத் தொடங்கியது. மறுநாளும் கத்தியது. காய்ந்த கடல் உப்பு கம்பிகளின் மேல் படிந்திருந்தது. விடியற்காற்றின் ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சிக்கொண்டு கரண்டுக்கு வழி விட்டது. கரையில் ஒரே சிரிப்பு. “பாங்கு சொல்ற மோதினாருக்கு முந்தி எந்திரிக்குது தம்பி ஒன் பொட்டி” என்றார் ஒருவர். இன்னொருவர், பாய்க்கு இனி அலாரம் கடிகாரம் வாங்குகிற செலவு மிச்சம் என்றார். பாயும் சிரித்தார், ஆனால் அவர் சிரிப்பில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

சரியான வழி, கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு உப்புப் படியாமல் காப்பது. அல்லது கம்பியே வேண்டாம் என்று மிதவை வைப்பது. அதற்கு இரண்டு நாள் வேலை, புதுச் சாமான், அறந்தாங்கிக்கு ஒரு நடை. அதைவிட முக்கியம், முதலில் செய்தது தப்பு என்று எல்லார் முன்னாலும் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. இவ்வளவு கரண்டுக்குக் கீழே கடந்தால் ஊமையாக இரு என்று பெட்டிக்குச் சொல்வது அது. யாரும் பார்க்காதபோது அதைக் கால் சுற்றுத் திருப்பினேன். மறுநாள் விடியலில் பெட்டி கத்தவில்லை. ஒரு வாளிக் கடல்நீரைப் பள்ளத்தில் ஊற்றிக் காட்டினேன், கத்தியது. எல்லோருக்கும் திருப்தி. மழைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கவில்லை. மழை இல்லை என்பது ஒரு காரணம். பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயம் இன்னொரு காரணம்.

மழை வந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. முதல் நாள் மத்தியானம் பெட்டி கத்தியபோது கரையே திரும்பிப் பார்த்தது. முறைக்காரர் போய் அள்ளி ஊற்றிவிட்டு வந்தார். பாய் நனைந்துகொண்டே நாலு பேருக்குக் கேட்கும்படி, இனிமேல் யாரும் சும்மா ராத்திரியில் இறங்க வேண்டாம், கத்தினால் போனால் போதும் என்று அறிவித்தார். வேறு படகுக்காரர்கள் மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அன்று நான் இரண்டு டீ கூடுதலாகக் குடித்தேன்.

அன்று கத்தியதற்குக் காரணம் படகிலிருந்த பழைய உப்பு. மழைத் தண்ணீர் அதைக் கரைத்து உப்புத் தண்ணீராகிவிட்டது. அள்ளி ஊற்ற ஊற்றப் படகு கழுவப்பட்டுக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பெட்டி கத்தியபோது நான் டீக்கடையில் இருந்தேன். சத்தம் இறங்கியிருந்தது. விசில் இல்லை, தொண்டை கட்டிய ஆளின் குரல். மற்றவர்கள் அதே சத்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கையிலிருந்த கிளாஸை நான் கீழே வைத்தேன். தண்ணீரில் உப்பு தீர்ந்து வருகிறது, நாளைக்கு இது ஊமை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அந்த மூன்று படகுக்காரர்களில் ஒருவர் நின்று, ‘நமக்கு எப்பத் தம்பி மாட்டுவீங்க?’ என்று கேட்டார். மழை விடட்டும் என்றேன்.

இதை இத்தனை வருடங்களில் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று. நிச்சயமாகத் தெரியாது என்று. மழை விடும் என்று நினைத்தேன் என்று. எதுவும் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தது, சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பகலில் தூறல்தான். சாயங்காலம் அணியத்துக்காரர் வெட்டிய கேனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். அவர் முறை. இன்று முழுக்க ஒன்றும் கத்தவில்லையே, எதற்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். பாய் அங்கே இல்லை.

“கத்துனாப் போனாப் போதும்ண்ணே” என்றேன்.

அவர் கேனோடு வீட்டுக்குத் திரும்பினார். இருட்டியதும் மழை பிடித்தது, விடியும்வரை விடவில்லை.

விடிந்தபோது படகு இருந்த இடத்தில் கம்பமும் ஹாரனும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

கரையில் கூட்டம். பாய் யாரையும் திட்டவில்லை. “கேன் யாரு வீட்ல இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு மேல் விசாரணை கிடையாது.

“எங்க வீட்லதான்” என்றார் அணியத்துக்காரர். “ஆனா பொட்டி கத்தலங்க. நா முழிச்சுத்தான் கெடந்தேன். கத்துனாப் போனாப் போதும்னு தம்பிதான சொன்னுச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கத்தியதா இல்லையா என்று பாய் கேட்டார்.

படகு உட்காரும் கடைசி நேரத்தில் கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். அப்போது பெட்டி ஒரு நிமிடம் கத்தியிருக்கக்கூடும், பாட்டரி மூழ்கும்வரை. அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“கத்தியிருக்கும் பாய். மழைச் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீரில் இறங்கிப் போய்க் கம்பத்திலிருந்து பெட்டியைக் கழற்றி வந்து, ஒருவரின் பைக் பாட்டரியில் மாட்டி, கம்பிகளைக் கடலில் விட்டேன். வீலென்று கத்தியது. நல்ல பெட்டி, கெட்ட காது. பின்னாலிருந்து யாரோ, கேட்டிருக்காது, வேற சரக்கு உள்ள போயிருந்தா எப்படிக் கேக்கும் என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அணியத்துக்காரரின் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் நேராகக் கணவரிடம் வந்து, முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தார். எல்லார் முன்னாலும். அணியத்துக்காரர் அசையாமல் நின்று பார்க்கவிட்டார்.

“இனிமே நம்ம படகுல ஏற வேணாம்ண்ணே” என்றார் பாய். குரலை உயர்த்தவில்லை.

நான் பெட்டியைத் துடைத்துப் பையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் ரோட்டில் இருந்தேன்.

இரண்டு மைல் போயிருப்பேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. ஒதுங்கினேன். சைக்கிள் தாண்டவில்லை, பக்கத்தில் வந்து நின்றது. அணியத்துக்காரர். கேரியரில் ஒரு துணிமூட்டை.

ஏன் நடந்து போகிறாய், பஸ்ஸுக்குக் காசு இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். வழியில் ஒரு களத்தில் தேங்காய் உரிக்க ஆள் கேட்டார்களாம், கேட்டுப் பார்க்கப் போகிறேன் என்றார். கடலில் நின்ற ஆளுக்கு அது எப்படி வரும் என்று தெரியவில்லை, ஆனால் கை இருக்கிறதே என்றார். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். பிறகு கேட்டார்.

“எம்மேல கோவமா தம்பி?”

எனக்கு விளங்கவில்லை.

“ஒன் பொட்டி கத்தலைன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டேன்ல. மூணு பேரு ஒங்கிட்ட வேல சொல்ல இருந்தாங்க. இப்ப நீயும் கெளம்பிட்ட.” நடையை நிறுத்தாமல் பேசினார். “நாந்தான் அசந்திருப்பேன். முழிச்சிருந்த மாதிரிதான் இருக்கு. ஆனா பொட்டி பொய் சொல்லாதுல்ல.”

அடி வாங்கியிருக்கிறேன். முன்பு ஒரு கடையில் திருட்டுப் பட்டம் கட்டி விரட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் உடம்போடு போய்விட்டது. தான் விழித்திருந்ததையே நம்பாத அளவுக்கு ஒரு மனிதரை நான் ஆக்கிவிட்டேன் என்று தெரிந்தபோது காலடியில் ரோடு இல்லாத மாதிரி இருந்தது. இவர் தேங்காய்க் களத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும், இனி ஒவ்வொரு ராத்திரியும் தன் கண்ணையும் காதையும் சந்தேகப்பட்டுக்கொண்டு படுப்பார். அவர் மனைவியும் படுப்பார்.

“நீங்க தூங்கலண்ணே” என்றேன். “பொட்டி கத்தல.”

அவர் நின்றார். நான் தரையைப் பார்த்தபடி திருகையும் உப்பையும் மழைத் தண்ணீரையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாம் நாள் சாயங்காலம்.”

எண்ணிப் பார்த்தார் போலிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அவர் கேனோடு என் முன்னால் நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துணிமூட்டையைக் கேரியரிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை என் பக்கம் சாய்த்தார்.

“நீ மிதி. நா பின்னாடி ஒக்காந்துக்கிறேன்.”

நான் தயங்கினேன்.

“ஒன்னயப் பின்னாடி வச்சாக் குதிச்சு ஓடிருவ” என்றார்.

ஈர ரோட்டில் அந்த இரண்டு மைலும் மிதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் மனைவி தேடியும் கிடைக்காத வாசனை அதில் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது.

கரையில் படகை நிமிர்த்தியிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றி மேட்டில் தார்ப்பாயின் மேல் வைத்து, பாய் அதன் முன்னால் குந்தியிருந்தார். டீசலில் துணியை நனைத்து ஒவ்வொரு பாகமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அணியத்துக்காரர் வழியில் அழுதிருப்பார், பாவம் பார்த்து இவன் பழியை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறான் என்றார் கூட இருந்தவர்களிடம். உண்மை சொன்னதற்கு நல்லவன் பட்டம் கிடைக்கும் போலிருந்தது. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

பெட்டியை வெளியே எடுத்தேன். காலையில் கொடுத்தவரே பைக் பாட்டரியை மறுபடி கழற்றிக் கொடுத்தார். கம்பிகளைக் கடல்நீரில் விட்டேன், கத்தியது. பாய் வீட்டு அக்காவிடம் மழைத் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். எவர்சில்வர் சட்டியில் கொண்டுவந்தார். கம்பிகளைக் கழுவித் துடைத்து அதில் விட்டேன். ஒன்றுமில்லை. ஆழமாக விட்டேன். ஒன்றுமில்லை. பிறகு பெட்டியைத் திறந்து, எல்லோரும் பார்க்கத் திருகைக் கால் சுற்றுப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். சட்டித் தண்ணீருக்கு அது தவளை மாதிரிக் கத்தத் தொடங்கியது.

“யாரு திருப்புனது?” என்றார் பாய்.

“நாந்தான்.”

“நா அன்னைக்கே கேட்டேன்ல தம்பி” என்றார் அக்கா. அவ்வளவுதான். சட்டியிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார். குடிக்கிற தண்ணீர் அது. அந்தப் பெண்கள் ஒரு சொட்டைக்கூட வீணாக்கிப் பார்த்ததில்லை. என் கம்பி பட்டதால் ஊற்றிவிட்டார்.

அணியத்துக்காரரின் மனைவி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கணவரின் தோளில் இருந்த துணிமூட்டையை வாங்கிச் சைக்கிள் கேரியரில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்து நின்றார். அதன் பிறகு அணியத்துக்காரரும் கூடவே போனார்.

பாய் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். “ராத்திரி எறங்க வேணாம்னு நானுந்தான சொன்னேன்” என்றார் எஞ்சினைப் பார்த்து. ஒரு பாகத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், “அணியத்து அண்ணன் வீட்ல போயி, நாளைக்குப் படகு வேலைக்கு வரச் சொல்லு” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கேயே நின்றேன். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அன்று என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது. வலைக் கொட்டகையில் யாரையும் கேட்காமல் ஒரு மூலையில் படுத்துக்கொண்டேன். ரோடு அங்கேதான் இருந்தது, போயிருக்கலாம். இரண்டு தடவை எழுந்து பையைத் தோளில் போட்டேன், இரண்டு தடவையும் கழற்றி வைத்தேன்.

விடிந்ததும் யாரோ காலில் தட்டினார்கள். அணியத்துக்காரர். கையில் வெட்டிய கேன். மறுபடி மேகம் கட்டியிருந்தது.

“மழ இன்னும் பத்து நாளைக்கு இருக்குங்குறாங்க” என்றார். “எங்க படகு மேட்டுல கெடக்கு. ஒங்கிட்டப் பொட்டி கேட்டாங்கல்ல மூணு பேரு, அவுங்க படகுல எறைக்க ஆளு வேணும். நா பேசிட்டேன். வாரியா?”

எழுந்தேன். கேனை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் இடம் வரை கூட வந்தார்.

“ஒரு படகு முடிச்சதும் அங்கிட்டிருந்து கத்து” என்றார். “நீ கத்துனாலாவது எனக்குக் கேக்குதான்னு பாப்போம்.”

சிரித்தாரா இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர் முதலில் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு. கேனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். முதல் படகில் ஏறியபோது அடிப்பள்ளத்தில் முக்கால் முழம் தண்ணீர் நின்றது. ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. குனிந்து அள்ள ஆரம்பித்தேன். எத்தனை கேன் என்று எண்ணவில்லை. பலகை தெரியும்வரை அள்ளிவிட்டு, மிச்சத்தைத் துணியில் ஒற்றிப் பிழிந்துவிட்டு, நிமிர்ந்து கரையைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் மணலில் குந்தியிருந்தார். காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

இன்னொரு தடவை கத்தினேன்.